குழந்தைக்கு ஒரு கட்டில்

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் 'நாலாம் மாடி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேறு பெயர் இருப்பது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் அன்று மட்டும்தான் வெளியே தெரியும். பத்தொன்பது வருஷமாக நாலாவது மாடியின் பதினான்கு அறைகளும் அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள் என்றால், மத்தியானம் மூன்று மணிக்குள் பதினான்கு படுக்கையும் பதினான்கு குளியலறையும் புதுசாகிவிடும். அவள் மடித்துச் செருகிய விரிப்பின் மூலையில் கை பட்டால் கிழிக்கும் என்று கேலி பேசுவார்கள். கிடக்கிற குப்பையை வைத்தே தங்கியவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அத்தனை வருஷத்தில் அந்தப் படுக்கைகளில் ஒன்றில்கூட அவள் படுத்ததில்லை. ஒரே ஒரு முறை முழங்கால் வலி தாங்காமல் ஓரமாக உட்கார்ந்தாள். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் தேள் கொட்டியது மாதிரி எழுந்துவிட்டாள்.

அதனால்தான் அந்த வருஷம் ஊழியர் கூட்டத்தில் மேனேஜர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஓட்டலை நடத்தும் கம்பெனிக்குப் பெரிய நகரத்தில் இன்னொரு ஓட்டல் இருந்தது. அங்கே இரண்டு பேருக்கு, சனி ஞாயிறு இரண்டு இரவு தங்கல், காலைச் சாப்பாடு உட்பட. எல்லோரும் கைதட்டினார்கள். கீழே சலவை அறையில் இருக்கும் பெரியவர் மட்டும், "அக்கா, அங்க போயும் பெட்ட நீயே விரிச்சுட்டு வந்துடாத. நம்ம மானம் போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கவரைக் கணவரிடம் நீட்டினாள். அவர் தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரிப் பாகம் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பத்து நாள் வெளியூர். ஒரு வாஷரைக் கையில் கொடுத்தால் எந்தப் பம்பில் எந்த இடத்தில் உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டு விஷயம் என்றால் வாயில் கொழுக்கட்டைதான். கவரைப் பிரித்துப் படித்தவர் முகம் ஏனோ விழுந்துவிட்டது.

"அந்த ஊருக்குத்தான் நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவ போயிட்டு வரேனே. அங்க என்ன இருக்கு? ஒரே சத்தம், ஒரே புகை."

"நீங்க போறீங்க. நான் போனேனா?"

"வேற ஊர் கேட்டுப் பாரேன். கடற்கரை ஊர்ல ஒண்ணு இருக்குன்னு சொல்லுவியே."

"அது ரிப்பேர்ல இருக்கு. சும்மா குடுக்கறதுல மாடு பல்ல புடிச்சுப் பாக்கற மாதிரி பேசாதீங்க."

அவர் கவரை மடித்து அலமாரியில் வைத்தார். வெளியூர்ப் பயணங்களில் கம்பெனி லாட்ஜில் ஐந்து பேரோடு படுத்து அலுத்தவர், அதனால்தான் ஆசையில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினாள். தலைக்குச் சாயம் போட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் அம்மாவிடம் பேசி ஏழு வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. வேலை இடத்தில் கேட்டவர்களிடம் "வெளிநாட்ல இருக்கா, நல்ல வேலை, லீவே கெடைக்கறதில்ல" என்று சொல்லிச் சொல்லி அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது. மகளின் பழைய நம்பருக்கு ஒவ்வொரு பிறந்த நாளைக்கும் ஒரு செய்தி அனுப்புவாள். போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. கணவரிடம் எப்போதாவது "உங்களுக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்பாள். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்பார் அவர்.

சனிக்கிழமை ஐந்து மணி நேர ரயில் பயணம். மத்தியானம் போய் இறங்கினார்கள். ஓட்டலின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோது அவள் பழக்க தோஷத்தில் பின்பக்கம் ஊழியர் வாசல் எங்கே என்று தேடினாள். பிறகு தன்னையே அதட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக நிமிர்ந்து நடந்தாள்.

வரவேற்பில் இளவட்டப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பேட்ஜ் பளபளப்பாக, கீறல் இல்லாமல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக் கணினியில் தட்டினாள். தட்டியவள் முகம் மலர்ந்தது.

"மறுபடியும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் சார். உங்களுக்குப் புடிச்ச அஞ்சாவது மாடியே காலியா இருக்கு. குழந்தைக்கு மடக்குக் கட்டில் போடச் சொல்லட்டுமா, போன தடவ மாதிரி?"

அவர் அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அவளுடைய ஓட்டலில் வேலைக்குச் சேருகிற அன்றே எல்லோருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். ஜோடியாக வருகிறவர்களிடம் 'மறுபடியும் வந்தீர்களா' என்று வாய் தவறிக்கூடக் கேட்கக் கூடாது. ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஒரு கேள்வியால் லாபியிலேயே பெட்டியைத் தூக்கி எறிந்த பெண்களை அவளே பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் கையுறையைக் கழற்றாமல் தூணுக்குப் பின்னால் நின்று, 'பாவம், இவளுக்கு இவ்வளவு நாளாத் தெரியலையே' என்று நினைத்துக்கொள்வாள்.

லிஃப்டில் இரண்டு பேரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அறை நன்றாகவே இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்காரக் கண்ணோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அலமாரிக்கு மேலே விரலை ஓட்டினாள்; தூசி. குளியலறைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் காய்ந்த தடம். படுக்கையின் ஜன்னல் பக்கத்து மூலை சரியாகச் செருகப்படவில்லை. அதை உருவி, மெத்தையைத் தூக்கி, திரும்ப மடித்துச் செருகினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. தலைக்குள் ஒரே ஒரு வார்த்தை சுற்றிச் சுற்றி வந்தது. குழந்தை. வேறு பெண் மட்டும் என்றால்கூட ஏதோ சபலம் என்று சொல்லலாம். குழந்தைக்குக் கட்டில் போடுகிற அளவுக்கு என்றால் அது ஒரு குடும்பம். வருஷக் கணக்கு. இவள் இங்கே வெளியூர்ப் பையில் சட்டையை மடித்து வைத்து அனுப்ப, அங்கே வேறு ஒருத்தி பிரித்து எடுத்திருக்கிறாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். டிவியைப் போடவில்லை.

"டீ போடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"வெளிய போலாமா? பின்னாடித் தெருவுல சாயங்காலம் தள்ளுவண்டிங்க நிறைய வரும். எல்லாம் சூடா கெடைக்கும்."

"உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படியா இருக்கே. போலாம்" என்றாள்.

ஓட்டலுக்குப் பின்னால் இருந்த தெருவில் சாயங்காலம் ஆனால் வண்டிகள் ஓடாது. இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள். ஒரு பக்கம் கரி அடுப்பில் சோளம் வாட்டினார்கள். இன்னொரு பக்கம் பெரிய இரும்புக் கல்லில் மீனைப் போட்டதும் சுர்ரென்று புகை எழும்பியது. நறுக்கின பழத்தின் மேல் உப்பும் மிளகாய்த் தூளும் தூவி காகிதக் கூம்பில் கொடுத்தார்கள். ஜனம் தோளோடு தோள் உரசிக்கொண்டு, நின்றபடியே தின்றபடியே நகர்ந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் ஒவ்வொரு வண்டியாக நின்று, ஒன்று விடாமல் வாங்கித் தின்றிருப்பாள். தின்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. இன்றைக்கு எச்சில்கூட ஊறவில்லை.

தெருவின் பாதியில், ரொட்டிக்குள் முட்டையை ஊற்றிப் பொரித்துக் கொடுக்கும் ஒரு அம்மாளின் வண்டி இருந்தது. கனத்த உடம்பு, நெற்றியில் வியர்வைத் துணி. அவர் அந்த வண்டியைத் தாண்டிப் போகத்தான் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"என்ன சார், பாக்காத மாதிரி போறீங்க? எங்க சின்ன மேடம்? இன்னைக்கு வரலையா? மிளகாய் போடாம ஒண்ணு தனியா எடுத்து வைக்கணுமே." பிறகுதான் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தாள். கரண்டியைக் கல்லில் தட்டிக்கொண்டே, "ரெண்டா போடட்டுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ரெண்டு போடுங்க" என்றாள் அவள்.

ஓரத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் முக்காலிகளில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ரொட்டி வந்தது. அவள் ஒரு வாய் கடித்து, மென்று, விழுங்கினாள். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"எத்தனை வயசு?" என்று கேட்டாள்.

அவர் ரொட்டி சுற்றிய காகிதத்தைப் பிரித்தார்.

"குழந்தைக்கு எத்தனை வயசுன்னு கேட்டேன். இத்தனை பேருக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியட்டும்."

"நீ நினைக்கறது இல்ல."

"நான் என்ன நினைக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா? ஓட்டல்ல பெட் விரிக்கறவ நான். பாத்துப் பாத்துப் புளிச்சுப்போனவ."

"ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது" என்றார். கையில் இருந்த காகிதத்தை எட்டாக மடித்தார். "நம்ம பொண்ணோட குழந்தை."

சுற்றிலும் அத்தனை சத்தம். அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "யாரோட?" என்றாள்.

"நம்ம பொண்ணோட. இந்த ஊர்லதான் இருக்கா. இங்கேருந்து இருபது நிமிஷம். ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. மூணு மாசத்துக்கு ஒரு தடவ சனிக்கிழமை ரெண்டு பேரும் ஓட்டலுக்கு வந்துடுவாங்க. பாப்பாவுக்கு அந்த லிஃப்ட் புடிக்கும். குளிக்கற தொட்டி புடிக்கும். உன் ஸ்டாஃப் கார்டுல குடும்பத்துக்குச் சலுகை உண்டுல்ல, அதுல போடுவேன்." அவர் மூச்சு வாங்கினார். "கவுண்டர்ல பழைய ஆள் ஒருத்தர் இருப்பாரு. நாம வர்றதப் பத்தி ஃபோன்லயே அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அவரு லீவுல போயிட்டாரு போல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னா. சொன்னா அப்பறம் நானும் வர வேண்டாம்னுட்டா."

"அவ குழந்தை உண்டானது எப்போ?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்தப்பவே ரெண்டு மாசம்."

அன்றைக்கு நடந்தது இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் மகள் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். கல்யாணமாகிப் பத்து மாதம். இடது கை முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மா கையைப் பார்த்தாள், எண்ணெய் தடவினாள், சோறு போட்டாள். "எல்லா வீட்லயும் நடக்கறதுதான். ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்து கெஞ்சுவான். நாமளா வெளிய வந்தா நம்ம மேலதான் தப்புன்னு ஆயிடும்" என்றாள். மகள் எதிர்த்துப் பேசவில்லை. விளக்கை அணைக்கிற நேரத்தில், "அம்மா, உன்கிட்ட இன்னொண்ணு சொல்லணும்" என்றாள். அன்று பதினான்கு அறையும் செய்துவிட்டு வந்த அலுப்பு. "காலைல பேசிக்கலாம், தூங்கு" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பேச நேரம் இல்லை. ஏழு மணிக்கு வேலை. மகளின் வீடு அதே பஸ் போகிற வழியில், ஓட்டலுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். வேலைக்குப் போகிற வழியிலேயே விட்டுவிடலாம் என்று நீலக் கோட்டோடு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நிறுத்தம் வந்ததும் "போ, பாத்து நடந்துக்கோ" என்றாள். கூட இறங்கி வீடு வரைக்கும் போகவில்லை. இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மகள் மட்டும் பையோடு இறங்கினாள். பஸ் நகரும்போது அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மகள் அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மகள் அந்த வீட்டைவிட்டுத் தனியாகப் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும்.

அவள் பாதி தின்ற ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். ரொட்டி வண்டி அம்மாள் கேட்காமலேயே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரைக்கும் இவள் மனதுக்குள் வேறு ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வக்கீல் வரைக்கும் போய்விட்டாள். இப்போது யார் தலைமயிரைப் பிடிப்பது?

"வேற ஒருத்தியா இருந்திருக்கலாம்" என்றாள் மெதுவாக. "சத்தியமா சொல்றேன். வேற ஒருத்தியா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். போட்டோ இருக்கிறதா? இல்லை, ஃபோனில் வைத்திருந்தால் நீ பார்த்துவிடுவாய் என்று வைத்துக்கொள்வதில்லை. எப்படி இருப்பாள்? நல்லா இருப்பா. நல்லா என்றால்?

"நல்லான்னா நல்லாதான். துருதுருன்னு."

"மூக்கு யார் மூக்கு?"

அவர் யோசித்தார். "மூக்கு மூக்கு மாதிரிதான் இருக்கும்."

"ஒரு வால்வைப் பத்திக் கேட்டா அரை நாள் சொல்லுவீங்க. சொந்தப் பேத்தி மூக்க சொல்லத் தெரியல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்து அழத் தொடங்கினாள். வாயைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்கிற எண்ணம் அப்போதும் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், "உயரமா இருப்பா. அவ வயசுக்கு உயரம்" என்றார். "ஸ்கூல்ல கணக்குல கெட்டி. மிளகாய் ஆகாது. என்னை 'லிஃப்ட் தாத்தா'ன்னு கூப்பிடுவா."

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. குளித்து, கொண்டுவந்ததிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஃபோன் போடுங்க. நான் இங்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். மன்னிப்புன்னு சொல்லி அழ மாட்டேன். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறேன்னு சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போட்டார். காதில் வைத்துப் பேசப்போனவரை நிறுத்தி, "எனக்கும் கேக்கட்டும். நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள். அவர் மகளிடம் முதலில் அதைத்தான் சொன்னார். "அம்மா பக்கத்துல இருக்கா. கேட்டுக்கிட்டு இருக்கா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழந்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது, பொம்மையாக இருக்கும். பிறகு மகளின் குரல் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது.

"தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சும்மா. தப்பு என்னோடதுதான்."

"உங்களச் சொல்லலப்பா." குழந்தையின் சத்தம் தள்ளிப்போயிற்று. "அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. கோவமா இருந்தா நேர்ல வந்து கத்திட்டுப் போயிருப்பேன். என்னால முடியல, அவ்வளவுதான். அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள திரும்பப் போனதும் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே நான் முழுசா சொன்னதில்ல. பஸ்ஸுல அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு வந்தேன், அந்த நீலக் கோட்டுல சோப்பு வாசனை அடிச்சுது. இப்பவும் எங்கயாவது அந்த வாசனை வந்தா நான் அந்த பஸ் ஸ்டாப்புலயே நின்னுடறேன். பாப்பா முன்னாடி நான் அப்படி ஆகக் கூடாதுப்பா."

"தூரத்துல நின்னு பாக்கறேங்கறா."

"வேண்டாம்ப்பா. யாரோ தூரத்துல நின்னு பாக்கறாங்கன்னு தெரிஞ்சா நான் எப்படி நடப்பேன்?" குழந்தை மறுபடியும் பக்கத்தில் வந்து கூப்பிட்டது. "நீங்க வரதா இருந்தா பன்னெண்டு மணிக்கு வாங்க. பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா. அம்மாவ நல்லா பாத்துக்கோங்க."

ஃபோன் நின்றது. 'அம்மா' என்ற சொல்லை மகள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஏழு வருஷத்துக்கு அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"நான் போகல" என்றார் அவர்.

"போங்க. பன்னெண்டு மணின்னு சொல்லியிருக்கா. குழந்தைய ஏமாத்தாதீங்க." அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். "நான் வந்ததப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. எப்பவும் போல இருந்துட்டு வாங்க."

அவர் போன பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்த தெரு பகலில் வெறிச்சோடிக் கிடந்தது. தள்ளுவண்டிகள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகள்தான் இருந்தன. பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது.

"ஹவுஸ்கீப்பிங்."

அந்த வார்த்தையைப் பத்தொன்பது வருஷமாகக் கதவுக்கு வெளியிலிருந்துதான் அவள் சொல்லியிருக்கிறாள். உள்ளேயிருந்து கேட்டதும் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் துணி வண்டியோடு நின்றாள்.

"அப்பறமா வரட்டுமா மேடம்?"

"வாங்க. நானும் இந்த வேலைதான். எங்க ஊர் ஓட்டல்ல."

அந்தப் பெண்ணுக்கு முகம் இளகிவிட்டது. இவள் உட்காரவில்லை, விரிப்பின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் உதறி விரித்தார்கள். தலையணை உறை மாற்றும்போது அந்தப் பெண் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"பெட்டி அடையாளம் தெரியுது. இந்த சார் அடிக்கடி வருவாரே. நீங்க அவரோட வீட்டம்மாவா? அவர் பொண்ணும் பேத்தியும் தங்கிட்டுப் போனா எனக்கு வேலையே இருக்காதுங்க. அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி பெட்ட அவளே சரி பண்ணிட்டுப் போயிடும். மூலை மடிப்பெல்லாம் என்னைவிட சுத்தமா இருக்கும். துண்ட மூணா மடிச்சு அடுக்கி வச்சிருக்கும். 'எங்கம்மா பழக்கினது'ன்னு ஒரு தடவ சொல்லிச்சு." அவள் தலையணையைத் தட்டி வைத்தாள். "நீங்கதானே அது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"குழந்தைய நீங்க பாத்தா விட மாட்டீங்க. என் துணி வண்டி மேல ஏறி உக்காந்துக்கும். நேத்து வரலையா அதுங்க?"

"இந்தத் தடவ முடியல."

அந்தப் பெண் குளியலறையைக் கழுவப் போனாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவள் துடைக்கும் துணியை எடுத்து ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரயிலில் ஊர் திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் நாலாவது மாடியில் இருந்தாள். "என்னக்கா, எப்படி இருந்துச்சு பெரிய ஊரு?" என்று சூழ்ந்துகொண்டவர்களிடம், மெத்தை நன்றாக இருந்தது, ரொட்டிக்குள் முட்டை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று சொன்னாள். மத்தியானம் சலவை அறைப் பெரியவரோடு சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், அவர் எதுவும் கேட்காமலே, "என் பொண்ணு வெளிநாட்ல இல்ல" என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு தன் பங்கு அப்பளத்தை அவள் தட்டில் வைத்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் அவள் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எட்டு ஒன்பது முறை எழுதிக் கிழித்தாள். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு 'ஆனால்' வந்து உட்கார்ந்துகொண்டது: நான் பயந்தேன், ஆனால், எனக்குத் தெரியாது, ஆனால். கடைசியாக எழுதியது ஒரு பக்கம்கூட வரவில்லை. உன்னை இறக்கிவிட்ட அன்று நான் வேலைக்குப் போனேன், பதினான்கு அறையும் செய்தேன், மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், ஒரு பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன், என்று எழுதியிருந்தாள். எனக்கு எதுவும் வேண்டாம், நீ பதில் போட வேண்டாம், என்று முடித்திருந்தாள்.

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவரை அவள் வாசலிலேயே நிறுத்திப் பார்த்தாள்.

"குடுத்தேன். சமையல் ரூம்ல போய்ப் படிச்சா. ரொம்ப நேரம் வெளிய வரல." அவர் செருப்பைக் கழற்றினார். "'படிச்சேன்னு சொல்லுங்க'ன்னா."

"வேற?"

"பாப்பாவப் பத்திச் சொல்றதுன்னா சொல்லிக்கோங்கன்னா. போட்டோ மட்டும் வேண்டாமாம்."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் ஒரு படி ஏறவில்லை. அவர் போகும் சனிக்கிழமைகளில் அவள் விடுப்பு எடுப்பதில்லை. மற்றவர்களின் மாடியையும் கேட்டு வாங்கிச் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் எதிரில் வந்து உட்காருவாள். இப்போதெல்லாம் அவர் கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கற்றிருக்கிறார். போன தடவை வந்தபோது சொன்னார்:

"இன்னொரு பல்லு விழுந்திருக்கு."

"எந்தப் பல்லு?"

"மேல. இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது."

"தானா விழுந்துச்சா, பிடுங்கினாங்களா?"

"அவ வேலை பாக்கற டாக்டர்கிட்டயே போய் எடுத்துட்டாங்களாம்."

"வலிச்சுதாமா?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அத கேக்கலயே."

"அடுத்த தடவ கேளுங்க" என்றாள். எழுந்து போய் அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள்.